நாற்பத்திரண்டு கதவுகளும் ஒரு பீப்பாய் தின்னரும்

மரத்துக்குப் பாலிஷ் அடிக்கும் பாலிஷ்காரர், தின்னர் கடை நடத்தும் டீச்சருக்கு, பாலிஷை இளக்கும் தின்னர் ஒரு பீப்பாயின் விலை கடன்பட்டிருந்தார். இருநூறு லிட்டர் பிடிக்கும் இரும்புப் பீப்பாய். விலை முப்பத்தெட்டு பெரிய நோட்டு. அத்தோடு போயிருந்தால் அது ஊரில் எல்லாருக்கும் உள்ள கடன். இவரோ அந்தப் பீப்பாய்க்கு ஒரு நோட்டுகூடக் கொடுக்காமல், அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று கடை வாசலில் நின்று கத்திவிட்டு வந்தவர். ஆகையால் கடன் இரண்டாகிவிட்டது.

ஆளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பன்னிரண்டு வயதில் கையில் எடுத்த உப்புத்தாளை இருபது வருடம் கீழே வைக்கவில்லை. மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி என்று அவர் தேய்த்த மரத்தை நீளவாக்கில் அடுக்கினால் ஊரைச் சுற்றி வேலி போடலாம். தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே அழிந்துபோனது. ஒருமுறை ஏதோ அலுவலகத்தில் விரலை இயந்திரத்தில் வைக்கச் சொன்னார்கள். ஏழு தடவை வைத்தும் அது ஆளைக் கண்டுபிடிக்கவில்லை. "என்னைத் தெரிஞ்சுக்க மெஷினுக்கு வயசு பத்தாது" என்று சொல்லிவிட்டு வந்தவர். இன்றைக்கு அவரிடம் பதினேழு பேர் சம்பளம் வாங்குகிறார்கள். காற்றடிக்கும் கம்ப்ரசர் மூன்று, ஒரு சொந்த வண்டி, பட்டறை வாசலில் அவர் பெயர் போட்ட பலகை. எல்லாம் தன் கையால் தேடியது, யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. ஆனால் ஒரு மழைக்காலத்தில் அந்தக் கை அவருக்கே உதவாமல் போனது. அன்றைக்குக் கைகொடுத்தவர் டீச்சர். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் சாப்பிட்டது செரிக்காது.

டீச்சர் அப்போது டீச்சர் இல்லை. இரண்டு வருடம் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவர். அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டு, அப்பாவின் தின்னர் கடையில் வந்து உட்கார்ந்தார். பாலிஷ்காரரைவிட ஏழெட்டு வயது இளையவர். குரல் உயராது. கடைக்குள் சிகரெட்டோடு யாராவது காலெடுத்து வைத்தால் மட்டும் உயரும்.

கடை நீளமான ஒரே அறை. இருபக்கச் சுவரிலும் தரையை ஒட்டிக் காற்றுப்போக்கி. ஜன்னல் மேலே இருப்பதுதானே வழக்கம் என்று கேட்டவர்களுக்கு, இந்தச் சரக்கின் ஆவி மேலே போகாது, கீழே உட்காரும் என்று டீச்சர் சொல்வார். படுக்கவைத்த பீப்பாய்களில் பித்தளைக் குழாய் மாட்டியிருக்கும். ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் ஒரு செம்புக் கம்பி, தரையில் அடித்த இரும்புக் கடப்பாரைக்கு ஓடும்.

"பீப்பாய்க்கு எதுக்கு டீச்சர் சங்கிலி? ஓடிப்போயிடுமா?" என்று பாலிஷ்காரர் முதல் நாளே கேட்டார்.

"ஊத்தும்போது பொறி வரும். பொறி வந்தா ஓடுறது பீப்பாய் இல்ல, நாமதான்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துப்போனது. ஆனால் பிடித்ததைக் காட்டிக்கொள்ளும் ரகம் இல்லை அவர்.

அந்தக் கடையில் தின்னராக விற்ற முக்கியமான சரக்கு எத்தில் அசிடேட். பார்க்கத் தண்ணீர்தான். மூடியைத் திறந்தால் பழக்கடை வாசனை வரும், பேரிக்காய் பழுத்த மாதிரி. வினிகரில் உள்ள புளிப்பையும் சாராயத்தில் உள்ள சத்தையும் சேர்த்துச் சமைத்தால் கிடைப்பது என்று டீச்சர் விளக்கியிருந்தார். தண்ணீர் பட்டு நாள்கணக்கில் கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பவும் வினிகராகப் போகுமாம். பீப்பாயைத் திறக்கும்போது புளிப்பு மூக்கில் ஏறினால் அது கெட்ட சரக்கு. பெண்கள் நகப்பூச்சை அழிப்பதும் இதில்தான், செருப்புக் கடையில் தோலை ஒட்டும் பசை இளகுவதும் இதில்தான். பிஸ்கட் உறையில் படம் அச்சடிக்கும் மை இதில் கரைந்துதான் ஓடுகிறது. காபிக் கொட்டையில் இருக்கும் தூக்கம் கெடுக்கும் சங்கதியைக்கூட இதை வைத்து உருவி எடுத்துவிடுகிறார்களாம். இத்தனை வீட்டில் வேலை பார்த்தும் எந்த வீட்டிலும் தங்காது. வேலை முடிந்ததும் காற்றோடு போய்விடும், மரத்தின் மேல் பாலிஷ் மட்டும் நிற்கும்.

"ஒழுங்கான வேலைக்காரன்" என்று பாலிஷ்காரர் மெச்சினார். அவர் அந்தச் சரக்கைத் தன் வயிற்றுப்பிள்ளை மாதிரிப் பேசுவார். ஆனால் அதன் குணம் அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஒருநாள் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், புதுக் கைக்கடிகாரத்தில் பாலிஷ் தெறித்துவிட்டது என்று வந்தார். இவர் பெரிய மனசோடு தின்னரை நனைத்துத் துடைத்துக் கொடுத்தார். பாலிஷ் போயிற்று. கூடவே கடிகாரத்தின் பிளாஸ்டிக் கண்ணாடியும் கண்புரை விழுந்த மாதிரி மங்கிப்போயிற்று. அன்றிலிருந்து யாராவது மணி கேட்டால் மச்சான், "எங்க மாப்ளகிட்ட கேளுங்க, அவர்தான் என் நேரத்தை மறைச்சு வெச்சிருக்கார்" என்பார்.

அந்த மச்சானின் பட்டறையில்தான் அவர் பதினொரு வருடம் வேலை பார்த்தார். பிறகு ஒரு வாக்குவாதத்தில் வெளியே வந்து, தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். கையில் ஒரு பழைய கம்ப்ரசர், ஒரு ஸ்ப்ரே கன், ஒரு மனைவி. மூன்றில் நம்பி நிற்கக்கூடியது கடைசி மட்டும்தான் என்று மச்சானே சொன்னார்.

முதல் பெரிய வேலை ஒரு புதிய தங்கும் விடுதி. நாற்பத்திரண்டு அறை, நாற்பத்திரண்டு கதவு. இருபத்தெட்டு நாளில் லாக்கர் என்கிற கண்ணாடிப் பாலிஷ் போட்டுக் கொடுக்க வேண்டும். முன்பணம் உப்புத்தாளுக்கும், மரத்தின் துளை அடைக்க முதலில் பூசும் சீலருக்கும், வாடகைக்கும் கரைந்துவிட்டது. தின்னருக்கு டீச்சரிடம் போய் நின்றார்.

டீச்சர் கணக்கு நோட்டைப் புரட்டினார். அதுவரை அவர் வாங்கியதெல்லாம் ஐந்து லிட்டர் டின்தான். பாக்கி வைத்ததில்லை. உள்ளே நாற்காலியில் இருந்த அப்பாவிடம் போய் ஏதோ கேட்டுவிட்டு வந்து, பீப்பாயை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். கதவு முடிந்து விடுதிக்காரர் பணம் கொடுக்கும்போது கொடுத்தால் போதும். எழுதி வாங்கவில்லை. இன்றைக்கும் பாலிஷ்காரர் எதைப் பற்றிப் பெருமையடித்தாலும் இந்த இடத்தில் மட்டும் தன் பெருமையை நிறுத்திவிடுவார். எழுதி வாங்கவில்லை என்பதை இரண்டு தடவை சொல்வார்.

பீப்பாயை வண்டியில் ஏற்றும்போது டீச்சர் ஒன்று சொன்னார். "மழை வரப்போகுது. இதோட பத்துக்கு ஒண்ணு பியூட்டைல் அசிடேட் சேத்துக்கோங்க. இதோட அண்ணன்னு வெச்சுக்கோங்க, வாழைப்பழ வாசனை வரும். மெதுவா காயும்."

விலையைக் கேட்டார். எத்திலைவிட அதிகம்.

"மெதுவா காயுறதுக்கு நான் எதுக்கு டீச்சர் கூடக் காசு குடுக்கணும்? அப்படின்னா வீட்டுக்காரி துணி போடுற கொடியில கதவை மாட்டிடுவேனே. இருபது வருஷமா பாலிஷ் அடிக்கிறவனுக்கே காது குத்துறீங்களா?"

வாங்கவந்த நாலு பேரும் சிரித்தார்கள். டீச்சரும் லேசாகச் சிரித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

முதல் பதினொரு கதவு கண்ணாடியாக வந்தது. குனிந்தால் மீசை தெரிந்தது. பாலிஷ்காரர் ஒவ்வொரு கதவிலும் மீசையைப் பார்த்துக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் மழை பிடித்தது. காலையில் அடித்த கதவு, அவர் கண் முன்னாலேயே, ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியது. அடுப்பில் பால் ஏடு கட்டுகிற மாதிரி ஒரு வெள்ளை, மெல்லப் பரவிக் கதவு முழுக்க மூடிவிட்டது. துடைத்தார், போகவில்லை. மறுபடி அடித்தார், மறுபடி பூத்தது. சாயங்காலத்துக்குள் ஒன்பது கதவு வெளுத்துப்போய் நின்றன.

அவர் மனைவி, மர இடுக்கை அடைக்கும் பட்டி பூசிய கையோடு வந்து பார்த்தாள். "என்னங்க இது, கதவுக்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்கு?"

பாலிஷ்காரர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். மரம் அதே மரம், கை அதே கை, கன் அதே கன். புதிதாக வந்தது பீப்பாய் ஒன்றுதான். அடிக்கு அடி யோசித்துப் பார்த்தும் வேறு காரணம் அவருக்குத் தெரியவில்லை. தன் கைமேல் சந்தேகப்படும் பழக்கம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

மறுநாள் காலை, கடையில் கூட்டம் நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்து, ஒரு பாட்டிலில் தின்னரை ஊற்றி எடுத்துக்கொண்டு போனார். மேஜைமேல் வைத்தார்.

"இதுல தண்ணி எவ்வளவு டீச்சர்? பாதிக்குப் பாதியா, இல்ல கொஞ்சம் தர்மம் பாத்துக் கலந்தீங்களா?"

டீச்சர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். புளிப்பு இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் நாலு சொட்டு விட்டார். அது சுவடு இல்லாமல் பறந்தது. இதில் தண்ணீர் இல்லை, கதவை வந்து பார்க்கிறேன் என்றார். பாலிஷ்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடனுக்குக் கொடுக்கிற சரக்கென்றால் கலப்படம்தான், கைநாட்டுக்காரன்தானே, என்ன தெரியும் என்று நினைத்துவிட்டார்கள், என் பிழைப்பில் மண் விழுந்தது என்று அவருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தார். உள்ளே நாற்காலியில் இருந்த பெரியவர் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், மறுபடி உட்கார்ந்ததை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். பார்த்தும் நிறுத்தவில்லை. அதுதான் பின்னால் அவரைப் படுத்தியது.

பாலிஷ் வேலைக்காரர்கள் மொத்தம் முப்பது நாற்பது பேர் இருக்கிற ஊர். பேச்சு எவ்வளவு நேரம் பிடிக்கும்? மூன்றே நாளில், எதிரே தின்னர் விற்கும் இன்னொரு கடையில் கூட்டம், டீச்சர் கடையில் ஈ. கம்பெனி லாரி வந்து, இறக்க வேண்டிய ஆறு பீப்பாயில் இரண்டை மட்டும் இறக்கிவிட்டுப் போனதாக மச்சான் வந்து சொன்னார். பீப்பாயைத் தவிர அந்த வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை, பெரியவர் மருந்துகூட அந்தக் கல்லாவிலிருந்துதான் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, "நல்லா வெளுத்து வாங்கிட்ட மாப்ள, கதவையும் சேத்து" என்றார்.

என்ன இருந்தாலும் தங்கை புருஷன். நாள் பன்னிரண்டுதான் மீதி. முப்பத்தொரு கதவு பாக்கி. மச்சான் ஒரு யோசனை சொன்னார். ஈரம்தான் கோளாறு என்றால் சூடு காட்டினால் போகிறது. தகரச் சட்டிகளில் கரி போட்டு, கொட்டகைக்குள் நாலு மூலையிலும் வைத்துவிட்டால் கதவு தானாகக் காயும். பாலிஷ்காரருக்கும் சரியென்று பட்டது. உள்ளே அப்போது அவர் பீப்பாயைத் திறந்து வாளியில் தின்னர் கலந்துகொண்டிருந்தார், பக்கத்தில் மனைவி பட்டி பூசிக்கொண்டிருந்தாள். மழைச் சாரலுக்காக ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. வெளியே தாழ்வாரத்தில் மச்சான் கரியை ஊதி நன்றாகச் சிவக்க வைத்து, சட்டியைக் கிடுக்கியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி வந்தார்.

அந்த நேரத்தில்தான் டீச்சர் வந்தார். கடையைப் பட்டப்பகலில் பூட்டிவிட்டு, குடையோடும் தோளில் ஒரு பையோடும் வந்தவர், சட்டியைப் பார்த்தார், திறந்திருந்த வாசலைப் பார்த்தார். குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து வாசற்படியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, அங்கேயே நில்லுங்க. ஒரு அடி முன்னால வைக்காதீங்க. திரும்பி அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் மழையில வைங்க."

மச்சான் கல்லாய் நின்றார். அதட்டுகிற குரல் இல்லை அது. ஆனால் மீற முடியாத குரல். அவர் திரும்பி நடந்தார். டீச்சர் உள்ளே பார்த்து, பீப்பாயை மூடிவிட்டு மனைவியோடு வெளியே வரும்படி பாலிஷ்காரரிடம் சொன்னார். அவர்கள் வந்ததும் டீச்சர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்.

வெகுநேரம் கழித்து, கொட்டகையிலிருந்து தள்ளி, தாழ்வாரத்தின் மறுகோடியில் டீச்சர் ஒரு சாய்வான தகரத்தை வைத்தார். கீழ் நுனியில் ஏற்றிய ஒரு மெழுகுவர்த்தி. மேல் நுனியில், ஆறடிக்கு அப்பால், தின்னரில் நனைத்த சிறு துணி ஒன்றைக் கம்பியால் வைத்தார். எல்லாரையும் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. மச்சான் சிரிக்க வாயெடுத்தார். அதற்குள் மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு நீலச் சுடர் தகரத்தின்மேல் எலி ஓடுகிற மாதிரி மேலே ஓடி, துணியைப் பிடித்துக்கொண்டு எரிந்தது. மச்சானின் வாய் திறந்தபடியே நின்றது.

"ஆவி காத்தைவிட மூணு பங்கு கனம். தரையோட தவழும்" என்றார் டீச்சர். "உள்ள முழங்கால் உயரத்துக்கு அதுதான் நின்னுச்சு. நீங்க சட்டியை வாசலுக்குள்ள வெச்சிருந்தா நான் கதவைப் பத்திப் பேச வந்திருக்க மாட்டேன்."

பாலிஷ்காரரின் மனைவி தாழ்வாரத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மச்சான் மழையில் கிடந்த சட்டியின்மேல் ஒரு வாளி தண்ணீரையும் ஊற்றிவிட்டு வந்தார்.

பிறகு டீச்சர் வந்த காரியத்தைத் தொடங்கினார். பையிலிருந்து ஒரு நீளமான கண்ணாடிக் குழாயை எடுத்துப் பீப்பாயின் அடிவரை இறக்கி, மேல் வாயைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கினார். தின்னரில் தண்ணீர் ஊற்றியிருந்தால் கனமான தண்ணீர் அடியில் தனியாக நிற்கும், குழாயில் கோடு தெரியும் என்றார். பாலிஷ்காரர் குழாயைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோடு இல்லை. அடியிலிருந்து மேல்வரை ஒரே சரக்கு.

"அப்போ இந்த வெள்ளை எங்கேருந்து வந்துச்சு?" என்றார். கேள்வியில் பழைய முறுக்கு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு எவர்சில்வர் டம்ளர் கேட்டார் டீச்சர். அதைத் தாழ்வாரத்தில் வைத்து, பாதி அளவுக்கு எத்தில் அசிடேட் ஊற்றி, தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசரின் குழாயை அதில் விட்டார். காற்றுப் பட்டதும் சரக்கு குமிழ்விட்டுப் பறக்கத் தொடங்கியது. மூச்சு நாலு விடுவதற்குள் டம்ளரின் வெளிப்பக்கம் மங்கியது. கொஞ்ச நேரத்தில் வியர்த்தது. பிறகு சொட்டியது. தொட்டுப் பார்த்த பாலிஷ்காரர் விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஐஸ் மாதிரி இருந்தது.

"அவசரமா பறக்கும்போது சூட்டையும் தூக்கிட்டுப் போகுது. கதவு சில்லுன்னு ஆயிடுது. மழைக்காத்துல இருக்கிற ஈரம் அது மேல இறங்கி, காயாத பாலிஷுக்குள்ள மாட்டிக்குது. அதுதான் உங்க வெள்ளை."

பாலிஷ்காரர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் கையில் பிடித்த சரக்கு. அது போகும்போது எதைக் கொண்டுபோகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. மச்சான் பட்டறையில் மழைக்காலத்தில் பாலிஷ் வேலை எடுக்கவே மாட்டார்கள். ஏன் என்று கேட்காமல், அது மச்சானின் சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மருந்து அந்த அண்ணன்காரன்தான், பியூட்டைல். அவன் நின்று நிதானமாகக் கிளம்புவான், கதவு குளிராது, ஈரம் இறங்காது. வெளுத்த கதவுமேல் அதை மெல்லிய புகையாக அடித்தால் பாலிஷ் மறுபடி இளகி, சிறைப்பட்ட ஈரத்தை விட்டுவிடும். டீச்சர் பையிலிருந்த சின்ன டின்னிலிருந்து கன்னில் ஊற்றிக் கொடுத்தார். பாலிஷ்காரர் அடித்தார். கொட்டகை முழுக்க வாழைப்பழம் மணந்தது. வெள்ளை ஓரத்தில் கரைந்தது, நடுவில் கரைந்தது, மூடுபனி விலகுகிற மாதிரி உள்ளேயிருந்து மரத்தின் வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. அவர் மனைவி கைதட்டப்போனவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். மனுஷன் கண் கலங்கி நின்றார். தின்னர் காரம் என்று சொல்லிச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் போகும்போது, கடையில் இரண்டு டின் பியூட்டைல் எடுத்து வைத்திருப்பதாகவும் ஆளனுப்பி வாங்கிக்கொள்ளும்படியும் சொன்னார். ஒன்பது நோட்டு, முன்னதோடு சேர்த்து நாற்பத்தேழு. மழை விட்ட வேளையில் மட்டும் அடிக்க வேண்டும், அடித்த கதவை அவசரப்பட்டு ஒன்றின்மேல் ஒன்று சாய்க்கக் கூடாது. எல்லாம் சொன்னவர் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கடை வாசலில் இவர் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாலிஷ்காரரும் சொல்ல வாயைத் திறந்தார். "குடை நனைஞ்சிருக்கே" என்பதுதான் வந்தது.

கதவுகள் சொன்ன நாளுக்கு ஒருநாள் முன்னதாகவே முடிந்தன. விடுதிக்காரர் ஒவ்வொரு கதவையும் தடவிப் பார்த்து, மழையில் இப்படி ஒரு வேலையை யார் செய்து தந்தார்கள் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பாலிஷ்காரரைக் காட்டினார். அந்த நாற்பத்திரண்டு கதவிலிருந்துதான் இன்றைய பதினேழு பேர் சம்பளமும் வந்தது. அது வேறு கதை இல்லை, இதே கதைதான்.

பணம் கைக்கு வந்த மத்தியானமே, கடையில் யாரும் இருக்காத நேரம் பார்த்து, நாற்பத்தேழு நோட்டை உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். கடை திறந்திருந்தது. டீச்சர் உள்ளே அப்பாவின் மருந்தை அளந்துகொண்டிருந்தார். விற்காத டின்கள்மேல் தூசி படிந்திருந்தது. சுவரில் சாய்த்த நாற்காலியிலிருந்து பெரியவர் நல்ல கையால் ஒரு டின்னை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்க்கடையில் இரண்டு வண்டி நின்றது. பாலிஷ்காரர் படியேறவில்லை. உறையோடு வீட்டுக்குத் திரும்பினார்.

"குடுத்தாச்சா?" என்றாள் மனைவி.

"ஆளில்லாத நேரம்... நாளைக்குக் குடுத்துக்கலாம்."

"ஆளில்லாத நேரம் பாத்துத்தானே போனீங்க?" அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை. "யாருக்கும் தெரியாம குடுத்தா காசுக் கடன் தீரும். நாலு பேர் முன்னால பேசினது அப்படியே நிக்கும். அந்தப் பொண்ணு உங்களுக்கு உயிரையும் குடுத்துட்டுப் போயிருக்கு, மானத்தையும் குடுத்துட்டுப் போயிருக்கு. உங்ககிட்ட இருக்கிறது ஒரு வாய். அதையாவது திருப்பிக் குடுங்க."

அவர் அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்தார்.

மறுநாள் காலை, வேலைக்காரர்கள் டின்னும் கையுமாகத் தெருவில் கூடுகிற நேரம். பாலிஷ்காரர் முதலில் எதிர்க்கடைக்குப் போனார். அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் அவர் பேச்சைக் கேட்டுத்தான் கடை மாறியவர்கள். எல்லாரையும் ஒரு நிமிஷம் வரச் சொல்லி, தெருவைத் தாண்டி டீச்சர் கடை வாசலுக்கு அழைத்து வந்தார். மச்சானும் பின்னாலேயே வந்து நின்றுகொண்டார். கூட்டம் வருவதைப் பார்த்த டீச்சர் எழுந்து நின்றார். மறுபடி என்ன வரப்போகிறதோ என்ற பயம் அந்த முகத்தில் ஒரு கணம் தெரிந்தது. அதைப் பார்த்தபோது பாலிஷ்காரருக்குத் தன்மேல் வந்த ஆத்திரம், அவருக்கு வேறு யார்மேலும் அதுவரை வந்ததில்லை.

"எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றார். குரல் அன்றைக்கு இருந்த அதே உயரம். "இவங்க தின்னர்ல தண்ணி இல்ல. ஒரு சொட்டுக்கூட இல்ல. தண்ணி மழைக்காத்துல இருந்துச்சு. அது தெரியாம நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மழையில என்ன சேக்கணும்னு முதல்லயே சொன்னாங்க, நான் கேக்கல. இன்னைக்கு நான் உயிரோட நிக்கிறது, என் வீட்டுக்காரி உயிரோட இருக்கிறது, இதோ என் மச்சான் உயிரோட இருந்து என்னைக் கிண்டல் பண்றது, எல்லாம் இவங்களால."

"கடைசியா சொன்னதுக்கு மட்டும் டீச்சர் பதில் சொல்லணும்" என்றார் மச்சான். கூட்டம் சிரித்தது. சிரிப்பில் இறுக்கம் தளர்ந்தது. கூட்டத்தில் ஒரு வயதான வேலைக்காரர், தான் கொண்டுவந்த வெறும் டின்னை டீச்சரின் மேஜைமேல் வைத்தார். பாலிஷ்காரர் சட்டைக்குள்ளிருந்து உறையை எடுத்தார்.

டீச்சர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, பரவாயில்லை அண்ணே, உறையோடு வைத்துவிட்டுப் போங்கள், அப்புறம் எண்ணிக்கொள்கிறேன் என்றார்.

"உறை வேணாம். கையை நீட்டுங்க."

டீச்சர் தயங்கினார். உள்ளேயிருந்து பெரியவர் குரல் கொடுத்தார், பேச்சு குழறினாலும் தெளிவாகவே கேட்டது: "வாங்கிக்கம்மா."

டீச்சர் கையை நீட்டினார். பாலிஷ்காரர் ரேகை தேய்ந்த கட்டைவிரலை நாக்கில் நனைத்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, ஒன்று என்று தொடங்கினார். கணக்கில் அவர் எப்போதுமே வல்லவர், நாலாம் வகுப்பு நாலாம் வகுப்புதான் என்றாலும். இருபதில் விரலை மறுபடி நனைத்துக்கொண்டு தொடர்ந்தார். முப்பத்தெட்டில் நிறுத்தி, இது பீப்பாய் என்றார். மீதியை இன்னும் மெதுவாக எண்ணினார். நாற்பத்தாறு. நாற்பத்தேழாவது நோட்டைத் தொடையில் வைத்து நீவி, மடிப்பை எடுத்து, விரிந்திருந்த அந்த உள்ளங்கையில் வைத்தார்.